ஒன்பதாவது ரீலை விடச் சொன்னவன்

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூரில் ஒரு சினிமா தியேட்டரின் ஆபரேட்டர் அறையில் நின்றுகொண்டு, ஒரு வங்காளப் படத்தின் ஒன்பதாவது ரீலை ஓட்டாமல் விட்டுவிடும்படி சொன்னேன். அப்போது நான் எங்கள் ஊர் ஃபிலிம் சொசைட்டியின் செயலாளர். வேலை, கல்லூரியில் வரலாறு நடத்துவது. படத்தை எடுத்தவர் நாடே கொண்டாடிய இயக்குநர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை உச்சரித்ததும் என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். அந்த நிமிர்வு இங்கே வேண்டாம்.

அன்று தியேட்டரில் என் தங்கையும் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் விடச் சொன்னேன். நேரம் போதவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். நேரம் போதாததும் உண்மைதான். ஆனால் மூன்றாவது ரீலை விட்டிருக்கலாம், ஏழாவதை விட்டிருக்கலாம். ஒன்பதாவதைத் தேர்ந்தெடுத்தது நான்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதுவதற்கு மனசாட்சிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அப்படி இல்லை. காரணம் என் தங்கையின் மகள். அவள் கணவன் வீட்டை விட்டு வந்து கொள்ளேகாலில் தன் அம்மாவோடு இருக்கிறாள். அவளைத் திரும்பிப் போகச் சொல்லி அவளுடைய அண்ணன் நெருக்குகிறான். நெருக்குவதற்கு அவன் கையில் வைத்திருக்கும் ஆயுதம் நான் செய்து கொடுத்தது: "அம்மா அந்தக் காலத்துல தானாத் திரும்பிப் போகலையா?"

என் தங்கை தானாகப் போகவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் சொசைட்டிக்குச் சொந்த இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு தியேட்டரை எடுத்துக்கொள்வோம். பதினொன்றரைக்குள் காலி செய்துவிட வேண்டும். அதன் பிறகு அங்கே வழக்கமான கன்னடப் படம்; பதினொரு மணியிலிருந்தே கேட்டுக்கு வெளியே விசில் கேட்கும். ஆனால் நாங்கள் ஒன்பதுக்கு ஆரம்பிக்க மாட்டோம். உறுப்பினர்கள் டிபன் முடித்து வர வேண்டும். பிறகு தலைவர் பேச வேண்டும். தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. சீக்கிரம் முடியுங்கள் என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் படத்தைக் குறைப்போம். 'உலகத்தின் ஈடு இணையற்ற கலைஞன்' என்று தலைவர் இருபது நிமிடம் பேசுவார். அவர் பேசியதை ஈடுகட்ட அந்தக் கலைஞனின் ரீல் ஒன்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுவோம். இது எங்கள் சொசைட்டியில் வழக்கமாகவே இருந்தது. எந்த ரீலை விடுவது என்று முடிவு செய்வது செயலாளரின் வேலை.

ஒருமுறைகூட ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வெளியே விசிலடித்துக்கொண்டிருந்தவர்களின் படத்தில் ஒரு சண்டைக்காட்சியை எடுத்திருந்தால் நாற்காலிகளை உடைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தங்கள் படத்தின் மேல் மரியாதை இருந்தது. எங்களுக்கு எங்கள் மேல்தான் மரியாதை இருந்தது.

அந்த இயக்குநரின் படங்கள் அனைத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றை ஏழெட்டு முறை. இந்த வயதில் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிகிறது. அவருடைய படங்களில் கெட்டவன் கிடையாது என்று எழுதியவர்கள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். தவறு. ஒவ்வொரு படத்திலும் ஒரு குற்றவாளி இருக்கிறான். அவன் படித்தவன், மென்மையாகப் பேசுகிறவன், யாரையும் கை நீட்டி அடிக்காதவன். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற டாக்டர். பக்கத்து வீட்டில் ஒரு பெண் அலறும்போது எழுந்து போய்த் தன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து புத்தகத்தைத் தொடர்கிற குமாஸ்தா. வேலைக்காரக் கிழவனை வெளியேற்றும்போது வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மருமகன். வாழ்நாள் முழுவதும் அவர் இந்த மனிதனைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தார், ஆடையையும் ஊரையும் மட்டும் மாற்றி.

நாங்கள் என்ன பார்த்தோம்? ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்தோம். படம் முடிந்து காபி குடிக்கும்போது, "அந்த ஜன்னல் ஷாட்!" என்று ஒருவர் கையை மேலே தூக்குவார். வெளிச்சம், நிழல், தொலைவில் கேட்ட ரயில். ஜன்னலைச் சாத்தியவன் நம்மில் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் எல்லோருமே சாத்தியவர்கள்தான்.

என் தங்கை அந்த வருடம் மழைக்காலத்தில் வந்தாள். அவளைக் கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளியில் கொடுத்திருந்தோம். நிலமும் கடையும் உள்ள குடும்பம். வந்தபோது அவளோடு ஒரு பை, இரண்டு வயது மகன், கழுத்துக்குக் கீழே ஒரு காயம். காயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே சேலைத் தலைப்பை நகர்த்திக் காட்டினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "முதல்ல சாப்பிடு" என்றேன். அக்கறைதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் இருந்தாள். எங்களுடையது இரண்டே அறை உள்ள வாடகை வீடு. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று பிற்பாடு பலரிடம் ஜாடையாகச் சொல்லியிருக்கிறேன். பொய். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் மத்தியானங்களில் ஒன்றாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். பிடிக்காமல் போனது எனக்கு. என் எழுதும் மேசையின் மேல் குழந்தைத் துணி காய்ந்தது. கல்லூரியில் சக ஆசிரியர் ஒருவர், "உங்க சிஸ்டர் இன்னும் ஊருக்குப் போகலியா?" என்று கேட்டார். அந்த 'இன்னும்' எனக்குச் சுட்டது. மனைவி இறந்து ஆறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. செய்யாத குற்றத்தை அவள் தலையில் வைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் அந்தப் படத்தைத் தனியாகப் பார்த்தேன். முழுப்படம். கதை எளிமையானது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கும் கணவனை விட்டு வந்துவிட்ட ஒரு பெண், நகரத்துச் சந்தில் அண்ணன் வீட்டில் தங்குகிறாள். அண்ணன் பள்ளி ஆசிரியன், தங்கமானவன். அவனுடைய சின்ன மகளுக்கு அவள் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். எட்டாவது ரீல் அதோடு முடிகிறது. ஒன்பதாவது ரீல் முழுவதும் ஒரே காட்சி. முற்றத்தில் அவள் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் முக்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பேசுகிறான். வானிலை, பள்ளிக்கூடம், விலைவாசி, ஊரில் அவளுடைய தோட்டத்து மாமரம். 'போ' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. கடைசியில், உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறோம் என்று சொல்லி, அவளுடைய தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசல் ஓரம் வைக்கிறான். அவள் கையில் மீன் செதிலோடு பெட்டியைப் பார்க்கிறாள். பத்தாவது ரீலில் படகு. கூடைகளுக்கு நடுவே அமைதியான முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அக்கரைக்குப் போகிறாள்.

பெங்களூரிலிருந்து திரும்பும் ரயில் பயணம் முழுக்க எனக்கு அந்த இயக்குநர் மேல் கோபம். என்ன உரிமை அவருக்கு என்று.

மைசூரில் அடுத்த மாத நிகழ்ச்சியில் அந்தப் படம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தங்கை தானும் வருவதாகச் சொன்னாள். அதற்கு முன் இரண்டு படங்களுக்கு என்னோடு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைத் தமிழில் நான் காதோடு சொல்வேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் பத்தாவது ரீலை அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அன்று தலைவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். நான் மாடிக்கு ஏறினேன். ஆபரேட்டர் காந்திநகர்ப் பக்கத்துத் தமிழர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்.

"உங்க தலைவர் இன்டர்வெல் வுடாம பேசறாரே சார்! எதை வுடணும், சொல்லுங்க."

"ஒன்பது."

"ஒம்பதா? நேத்து அந்த ரீலைச் சுத்தும்போது வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன் சார். ஒரு அம்மா மீன் கழுவுது, ஒரு ஆளு எதிர்ல குந்தினு பேசறான், பேசறான், ரீல் முடியற வரைக்கும் பேசறான். உங்க தலைவர் மாதிரியே."

"அதான். அதை விட்டுடுங்க."

"கரெக்டுதான் சார். யாருக்கும் நஷ்டமில்ல."

எட்டாவது ரீல் முடியும்போது அடுத்த மெஷினில் பத்தாவது தயாராக இருந்தால் போதும். திரையில் ஒரு துள்ளல்கூடத் தெரியாது. அண்ணன் மகளின் கையைப் பிடித்து எழுத்து எழுதவைத்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று படகில் இருந்தாள். பக்கத்தில் தங்கை மடியில் தூங்கும் குழந்தையோடு முன்னால் சாய்ந்தாள்.

"ஏண்ணா கிளம்பிட்டா?"

"அவளுக்கே தோணிருக்கு" என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னும் தெளிவாகச் சொன்னேன். சொன்ன வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது. "பாத்தியா, யாரும் அவளைப் போகச் சொல்லல. அவளாவே போறா. அதுதான் அவளோட பெருமை." பதினைந்து நாள் கழித்து, "நான் ஊருக்குப் போறேண்ணா" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்தேன். குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். பஸ் கிளம்பியதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. வேறு எதுவும் இல்லை.

இதற்கு மேல் ஒன்று செய்தேன். சொசைட்டியின் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் கையிலிருந்து படகுக்குத் தாவும் அந்த இடைவெளியை, 'சுதந்திரமான ஒரு மனதின் பாய்ச்சல்' என்றும், காரணத்தைச் சொல்லாமல் விடுவதே இந்த மேதையின் துணிச்சல் என்றும் ஐந்து பக்கம் எழுதினேன். தலைவர் என்னைக் கட்டிக்கொண்டார். கட்டுரை இரண்டு தொகுப்புகளில் வந்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அதை மேற்கோள் காட்டினார். இன்றும் எங்கோ ஒரு வகுப்பில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. நான் வெட்டிய இடத்தை நானே மேதைமை என்று நிறுவினேன். அதை நம்பிய படிப்பாளிகளில் ஒருவராவது முழுப்படத்தைத் தேடிப் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, தன்னுடைய பிரதியில் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று நினைத்திருப்பார். எங்கள் உலகம் அப்படி.

குடும்பத்திலும் அதே கட்டுரையைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னேன். கல்யாணங்களில், காது குத்தில், யாராவது தங்கையைப் பற்றிக் கேட்டால், "யாரும் சொல்லல. தானாப் போனா. அவளுக்கு அவ்வளவு பக்குவம்" என்பேன். தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் பக்கம் இருக்கும் எடை தெரிந்தவர்களுக்கு, அது எப்படிப் பரவியிருக்கும் என்று விளக்க வேண்டாம். கொள்ளேகாலிலிருந்து ராமாபுரம் வரை எந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்து நின்றாலும் என் தங்கை உதாரணமானாள். திரும்பிப் போன இரண்டாம் வருடம் அவளுக்கு மகள் பிறந்தாள். அதற்கு அடுத்த வருடம் அவளுடைய இடது காது கேட்காமல் போனது. காதைப் பற்றி ஒரு கல்யாணத்திலும் நான் பேசியதில்லை.

இந்த வருடம் மைசூரில் அந்த இயக்குநரின் படங்களை வரிசையாகத் திரையிட்டார்கள். எல்லாம் புதுப்பித்த பிரதிகள். ஏற்பாடு செய்த இளம்பெண் என்னைத் தேடி வந்து கன்னடத்தில் சொன்னாள்: "உங்க கட்டுரையைப் படிச்சுத்தான் சார் நான் சினிமா பக்கமே வந்தேன். அந்தப் படத்தை நீங்கதான் அறிமுகம் செய்யணும்." நான் மறுக்கவில்லை. மறுக்கிற மனிதனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதே வாரம் தங்கை போன் செய்தாள். கணவர் இறந்த பிறகு சில வருடங்களாகக் கொள்ளேகாலில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். ராமாபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து மூன்று மாதம் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னாள். மகளுக்கு ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் பெங்களூரில் இருக்கும் மகன் ஞாயிறு தவறாமல் போன் செய்து தன் தங்கையைத் திரும்பிப் போகச் சொல்கிறான். அடுத்த வாரம் நேரில் வந்து தானே கொண்டுபோய் விடப்போகிறானாம்.

"உன்கிட்ட ஒரு காரியம் ஆகோணும். நேர்ல வந்து சொல்றேன்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வா. நம்ம படம் போடறாங்க" என்றேன். வெட்கமில்லாமல் 'நம்ம படம்' என்றேன்.

ரீலைப் பற்றி முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். காலையில் அவள் வந்ததும் காபி கொடுத்தேன், பஸ் கூட்டத்தைப் பற்றி விசாரித்தேன், கொள்ளேகாலில் மழை உண்டா என்று கேட்டேன். எல்லாம் கேட்டேன்.

மேடையில் சொன்னேன். அவளைப் பற்றி இல்லை. இந்தப் படத்தின் ஒன்பதாவது ரீலை ஒருமுறை வேண்டுமென்றே விடச் சொன்னேன், என் கட்டுரை பொய்யின் மேல் கட்டியது, யாரும் அதை இனி மேற்கோள் காட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது. கைதட்டினார்கள். பழைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அந்தக் காலத்து ஃபிலிம் சொசைட்டின்னா அதுதான் சார்!" என்றார், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. அந்தப் பெண், "எவ்வளவு அழகான நினைவு!" என்று மைக்கில் நன்றி சொன்னாள். நான் ஒரு குற்றத்தைச் சொன்னேன், அவர்கள் அதை ஒரு சுவையான சம்பவமாக வாங்கிக்கொண்டார்கள். அவர்களைத் திட்டி என்ன? சுவையாகும் அளவுக்குத்தான் நான் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

தங்கையின் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். இருட்டானது. இந்த முறை ஆங்கில வரிகளை நான் சொல்ல முற்பட்டபோது, "வேண்டாண்ணா, புரியுது" என்றாள். மீன் கழுவும் காட்சி வந்தது. புதுப்பித்த பிரதியில் மீன் செதில்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அவன் பேசுகிறான். பேசிக்கொண்டே இருக்கிறான். பெட்டியை வாசல் ஓரம் வைக்கிறான். தங்கை என் பக்கம் திரும்பவில்லை.

படம் முடிந்ததும் வெளியே கேன்டீனுக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"இதைத்தான் அன்னிக்கு ஓட்ட வேண்டாம்னயா?"

"ஆமா."

"நான் பாக்கக் கூடாதுன்னா?"

"ஆமா." அடக்கிவைத்த அத்தனையையும் கொட்டினேன். "நீ இதைப் பாத்திருந்தா போயிருக்க மாட்டே. அந்தப் படத்தைக் காட்டி உன்னை ஏமாத்திட்டேன். இத்தனை வருஷமா அது என்னை..."

அவள் சிரித்தாள். எனக்குப் பழக்கமில்லாத சிரிப்பு.

"ஏண்ணா, படத்தப் பாத்துட்டா நான் போனேன்? அப்படியா நெனச்சுட்டு இருக்கற இத்தன வருஷமா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சமையக்கட்டுக் கதவுல கொள்ளேகால் பஸ் டைம் எழுதி ஒட்டுனயே, நெனப்பிருக்குதா? காலைல ஆறு பத்து, ஏழு நாப்பது, அப்படீன்னு. உன்ற கையெழுத்துல. முத்து முத்தா."

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. அவள் சொல்லச் சொல்ல, நீல மையில் எழுதிய அந்தத் தாள் மெல்லக் கண்முன் வந்தது.

"அதுக்கு அடியில நின்னுட்டுத்தான் தினமும் தோசை சுட்டேன். அண்ணி ஒரு நாள் அதக் கிழிச்சுப் போட்டாங்க. நீ மறுபடி எழுதி ஒட்டுன. யாருக்காவது ஆகும்னு சொல்லிட்டு. இந்த மீன் கழுவற சீனு உன்ற வீட்ல தெனமும் ஓடுச்சுண்ணா. தேட்டர்ல ஒரு நாள் நிறுத்தி என்ன ஆகப்போகுது?"

நாற்பது வருடம் நான் அந்த ரீலைப் பாவமாகச் சுமந்தேன். அதிலும் ஒரு பெருமை இருந்திருக்கிறது. ஒரு மகா கலைஞனின் படைப்பைத் திரித்து ஒரு வாழ்க்கையைக் கெடுத்தவன் என்பது பெரிய குற்றம், கம்பீரமான குற்றம். பஸ் நேரத்தை எழுதி ஒட்டியவன் என்பதில் கம்பீரம் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு இன்னொன்றை மறந்தேன். கலையை நாங்கள் வேறு எதற்குப் பயன்படுத்தினோம்? செய்ததைவிட உயரமான இடத்தில் நின்று வருத்தப்படுவதற்கு.

"சரி, அதை விடு. நான் வந்த காரியம் வேற" என்றாள். "என்ற மகங்கிட்ட நீ பேசோணும். நான் தானாப் போகலீன்னு சொல்லோணும். நான் சொன்னா, மகளுக்குப் பரிஞ்சுட்டுப் பேசறேங்கறான். 'மாமாவே சொல்லிருக்காரு, தானாத்தான் போனீங்க'ங்கறான். எனக்கு நடந்ததுக்கு உன்ற பேச்சு சாட்சி, என்ற பேச்சு இல்ல. பாத்தயா?"

"பேசறேன். சாயந்திரம் வீட்டுக்குப் போய் நிதானமா..."

"இப்பப் பேசு."

போனை எடுத்தேன். அவளே அதை வாங்கி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, வலது காதுப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"மாமா! எப்படி இருக்கீங்க? அம்மா அங்கதான் இருக்காங்களா?"

"பக்கத்துலதான். ஒரு விஷயம் சொல்லணும். உங்கம்மா அன்னிக்குத் தானாப் போகல. நான்தான் அனுப்பினேன்."

"இப்ப எதுக்கு மாமா பழைய கதை?"

"நீ அதைச் சொல்லித்தானே தங்கச்சியைப் போகச் சொல்றே? அது பொய். நான் கட்டின பொய்."

"சரி, அனுப்பிட்டீங்கன்னே வச்சுக்கலாம். நல்லதுதானே ஆச்சு? அன்னிக்கு அம்மா போகலீன்னா இவ பொறந்தே இருக்க மாட்டா. இன்னிக்கு இவ எங்கிட்ட வாயாடறா."

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் அவனுக்கு மட்டும் உரியது அல்ல.

"நல்லது ஆகல. உங்கம்மாவுக்கு எடது காது எப்படிப் போச்சு, தெரியுமா?"

"ஜுரத்துல..."

"அதுவும் பொய்தான். உங்கப்பா அடிச்சதுல போச்சு. காது போறதுக்கு முன்னாடியே கழுத்துக்குக் கீழ காயத்தோடதான் எங்க வீட்டுக்கு வந்தா. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் திருப்பி அனுப்பினேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மேடையில் நான் சொல்லவில்லை, கட்டுரையில் எழுதவில்லை, மனைவியிடம் பேசியதில்லை. பார்த்தேன், பார்த்துவிட்டு அனுப்பினேன்.

"இவ்வளவு வருஷம் ஏன் மாமா சொல்லல?" அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"சொல்லியிருந்தா என்னை யாரும் நல்லவன்னு சொல்லிருக்க மாட்டாங்க."

"நான் அப்பறம் கூப்பிடறேன் மாமா." துண்டித்துவிட்டான்.

நான் போனை அவளிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரங்கிலிருந்து வெளியே வந்தவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். யாரோ ஒருவர் என்னைக் கும்பிட்டார். மீன் காட்சியில் வெளிச்சம் எப்படி விழுந்தது என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டு போனார்கள்.

"அவன் கேக்க மாட்டானோ?" என்றேன்.

"ஒரு போனுல கேட்டுருவானா? நீ நாப்பது வருஷம் சொன்னதுதான அவன் காதுல ஏறியிருக்குது." அவள் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். "வர்ற வியாழக்கிழம அவன் வரும்போது நீ கொள்ளேகால்ல இருக்கோணும். அவம் மாமனார் வீட்டுக்காரங்க வருவாங்க, மக புருசன் வீட்டு ராமாபுரத்துக்காரங்களும் வருவாங்க. எல்லாரையும் உக்கார வச்சுட்டு, இப்பச் சொன்னத அத்தனை பேருக்கு முன்னாடியும் சொல்லோணும். காயத்தப் பாத்தத விட்டுடாத."

"எழுதவும் செய்யறேன். பத்திரிகையில..."

"எழுதிக்க. ஆனா மொதல்ல வந்து சொல்லு."

போன வியாழக்கிழமை போனேன். சொன்னேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ராமாபுரத்துப் பெரியவர் ஒருவர், "இத்தன படிச்சவரு இப்படிச் செஞ்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தங்கை மகன் எழுந்து வெளியே போனான். அவனுடைய கார் வாசலில் அப்படியே நின்றது, யாரையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. தங்கை மகள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டியவனும் நான் இல்லை.